எண்ண முடியாத எலியும் எண்ணிவிட்ட குருவியும்

வாசகர் கேட்டது, 3 நவம்பர் 2025

அழிந்துவிடும் என்று நீங்கள் கவலைப்படும் வைக்கோல்தலைச் சின்னான் என்ற பாட்டுப்பறவை சிங்கப்பூரில் 600 வரை இருக்கிறது, சிங்கப்பூரின் சின்னத் தீவான உபினில் கூடிக்கொண்டும் வருகிறது என்கிறார்கள். நல்ல காவல், கண்காணிப்பு எல்லாம் இருக்கிற ஊரில் இருக்கும் ஒரு பறவைக்கு எதற்கு இவ்வளவு கவலை? எதற்கெடுத்தாலும் அழிந்துபோன விலங்குகளைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்கள். அது வேறு கதை, இது வேறு கதை.

3 நவம்பர், இரவு

வேறு கதை இல்லை, நம் வீட்டுக் கதைதான். சிங்கப்பூரோடு சேர்த்து ஆளப்பட்ட ஒரு தீவில் நடந்தது அது.

கிறிஸ்மஸ் தீவு ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர். 1888இல் பிரிட்டிஷ்காரர்கள் கொடி நட்டார்கள், 1900இல் சிங்கப்பூர் நிர்வாகத்தோடு சேர்த்தார்கள். 1958இல்தான் ஆஸ்திரேலியாவின் கைக்குப் போனது. அங்கே இரண்டு வகை எலிகள் இருந்தன, உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. ஒன்று மெக்லியர் எலி. அதன் வால் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. மற்றது புல்டாக் எலி. அது மெதுவாக நகரும், முதுகில் இரண்டு சென்டிமீட்டர் தடிப்புக்குக் கொழுப்பு.

1897இல் சார்ல்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற ஆய்வாளர் அந்தத் தீவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார். தீவிலேயே அதிகமாக இருக்கும் பாலூட்டி மெக்லியர் எலிதான், போன இடமெல்லாம் கூட்டம் கூட்டமாக இருந்தது என்று எழுதிவைத்தார். பகலில் ஒன்றும் தெரியாதாம். பொழுது சாய்ந்ததும் காடு முழுக்க அவற்றின் கீச்சுச் சத்தமும் சண்டைச் சத்தமும்தானாம். கூடாரத்துக்குள் புகுந்து, தூங்குகிறவர்கள் மேல் ஏறி ஓடி, சாமான்களைத் தட்டிவிட்டுப் போகுமாம். எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எண்ண முடிகிற அளவில் அவை இல்லை.

அதே ஆண்ட்ரூஸ் 1908இல் திரும்பிப் போனார். ஓர் எலிகூட இல்லை. இரண்டு இனமும் இல்லை.

இடையில் நடந்தது இதுதான்: பாஸ்பேட் வெட்ட ஆள் வந்தது, கப்பல் வந்தது. 1899இல் ஹிந்துஸ்தான் என்ற கப்பலில் ஊர்க் கறுப்பெலி வந்தது. கறுப்பெலியின் உடம்பில் தெள்ளுப்பூச்சி, தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணி. ஒரே வருஷத்தில் எல்லாம் முடிந்தது.

600 என்பது பெரிய எண்ணா சின்ன எண்ணா என்று இதைப் படித்தபிறகு சொல்லுங்கள்.

4 நவம்பர், காலை

நேற்று அவசரத்தில் "ஒரே வருஷத்தில்" என்று எழுதிவிட்டேன். அது தப்பு. தீவில் இருந்த மருத்துவர் ஆண்ட்ரூஸிடம் 1908இல் சொன்னது: ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் எலிகள் பட்டப்பகலில் பாதையில் வந்து தள்ளாடியபடி ஊர்ந்து செத்துக்கொண்டிருந்தன. அப்படியென்றால் கப்பல் வந்ததிலிருந்து மூன்று நான்கு வருஷம். பல்லாயிரம் வருஷம் தீவை ஆண்ட ஓர் உயிருக்கு அதுவும் ஒரு கண்சிமிட்டல்தான், ஆனால் கணக்கு கணக்காக இருக்க வேண்டும்.

இரவில் மட்டும் வெளியே வரும் எலி பகலில் பாதையில் ஊர்ந்தது என்ற அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

இன்று உபின் போய்வந்தேன். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து, டீசல் புகையோடு பத்து நிமிஷப் பயணம். இரவு பெய்த மழை நின்றிருந்தது. பெக்கான் குவாரிப் பக்கம் ஏழரை மணிக்கெல்லாம் போய்விட்டேன்.

முதலில் குரல். இந்தக் குரலைக் கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது அடியில் ஒரு சத்தம், நிரம்ப நிரம்ப வேறு சத்தம் வரும் இல்லையா, அந்த மாற்றம் முழுவதும் ஒரே மூச்சில் கேட்பதுபோல் இருக்கும். ஒன்று தொடங்கும், மற்றது நடுவில் சேர்ந்துகொள்ளும். ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. இரண்டு பறவை என்பதே கண்ணால் பார்த்தால்தான் புரியும்.

அப்புறம் பார்த்தேன். தண்ணீர் ஓரத்து மரத்தில், தலைக்கு மேல் நாலைந்து மீட்டர் உயரத்தில் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. சின்னான் என்றாலும் உடம்பு சின்னது இல்லை. கொண்டைக்குருவிக் குடும்பத்திலேயே பெரியது இதுதான், 28 அல்லது 29 சென்டிமீட்டர் இருக்கும். தலை அறுவடை முடிந்த வயலில் காயும் வைக்கோலின் நிறம். கண்ணை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு, கன்னத்தில் மீசைபோல் இன்னொன்று. மார்பில் வெள்ளைக் கீற்றுகள். பாடும்போது தொண்டைக்குக் கீழே இறகெல்லாம் சிலிர்த்து நிற்கிறது.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற ஓர் ஆள் கைப்பேசியில் இதே பறவையின் பாட்டை ஓடவிட்டார். படம் எடுக்கத்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இரண்டு பறவையும் உடனே கீழ்க்கிளைக்கு இறங்கின. தன் எல்லைக்குள் எவன் பாடுகிறான் என்று பார்க்க வந்தன. "நிறுத்துங்கண்ணே, அதுங்க சண்டைக்கு வந்துடுச்சு" என்றேன். நிறுத்திவிட்டார், மன்னிப்பும் கேட்டார்.

நிறுத்தியபிறகும் ஐந்து நிமிஷம் அவை அந்தக் கிளையை விட்டுப் போகவில்லை. வலை வைக்கிறவர்கள் செய்வதும் இதைத்தான்: கூண்டில் ஒரு பறவையைப் பாடவிட்டுப் பக்கத்தில் பொறி. ஆற்றோரம், காட்டோரம் என்று ஆள் போகக்கூடிய இடத்திலேயே வாழும். தினமும் அதே இடத்தில் பாடும். கூப்பிட்டால் வரும். தாய்லாந்தில் இப்படித்தான் முடிந்தது, ஜாவாவிலும் இப்படித்தான். சுமத்ராவில் தேடிப் பார்க்கிறவர்களுக்குக் கிடைப்பதில்லை.

9 நவம்பர், இரவு

ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டேன். ஆண்ட்ரூஸ் எழுதிய இன்னொரு செய்தி: அந்த எலிகளுக்குப் பயம் என்பதே கிடையாது. இரவில் காட்டுக்குள் ஒரு விளக்கைக் கையில் பிடித்தால் இது என்ன புதுசாக இருக்கிறதே என்று கிட்ட வந்து பார்க்குமாம்.

விளக்கைப் பார்க்க வந்த எலி. பாட்டைக் கேட்டு இறங்கி வந்த குருவி. காலையில் கிளையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்த விளக்குதான் ஞாபகம் வந்தது.

11 நவம்பர்

"எலிக்கெல்லாம் அழுவீர்களா, குருவியோடு அதை ஒப்பிடுவதே குருவிக்கு அவமானம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமாகத் தோன்றும். நம் ஊர்களில் எலி என்றால் நெல் போச்சு, துணி போச்சு, பிளேக் வந்தது. பிள்ளையாருக்குக் கீழே மட்டும்தான் அதற்கு மரியாதை. கோப்பிக்கடையின் பின்பக்கம் எலி ஓடினால் நானும்தான் காலைத் தூக்கிக்கொள்வேன்.

ஆனால் கிறிஸ்மஸ் தீவு எலி யாருடைய நெல்லையும் தின்றதில்லை. மனிதர் வரும்வரை அங்கே நெல்லே கிடையாது. பழம் தின்றது, மரம் ஏறியது. தீவின் புகழ்பெற்ற செந்நண்டுகள் கோடிக்கணக்கில் பெருகியதே அந்த எலி போனபிறகுதான் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆண்ட்ரூஸ் காலத்துக் குறிப்புகளில் நண்டுகளின் பெருங்கூட்டம் பெரிதாகப் பேசப்படவில்லை என்பது அவர்களுக்கு ஒரு சான்று. அந்த நண்டு ஊர்வலத்தைப் பார்க்கத்தான் இன்று உலகம் முழுவதிலிருந்தும் விமானம் ஏறிப் போகிறார்கள். ஓர் எலி இல்லாமல் போன வெற்றிடத்தின் அளவு அது என்றால் யோசித்துப் பாருங்கள்.

புல்டாக் எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரவேருக்கு அடியில் வளை தோண்டி சின்னச் சின்னக் கூட்டமாக வாழ்ந்தது. மரம் ஏறாது. பகல் வெளிச்சத்தில் கொண்டுவந்தால் மயங்கியதுபோல் இருக்குமாம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அதற்குத் தனி வளை மட்டும் இல்லை, தனித் தீவே இருந்தது. அதுவும் போதவில்லை.

12 நவம்பர்

பேர் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை, கேட்டவர்களுக்காக.

வைக்கோல்தலைச் சின்னானின் அறிவியல் பெயரில் "சிலோன்" இருக்கிறது: பிக்னோநோட்டஸ் சைலானிக்கஸ். 1789இல் குமெலின் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இங்கே "அப்ப இது எங்கட குருவியோ?" என்று ஆசையாகக் கேட்டிருந்தார். இல்லை ஐயா. இந்தப் பறவை இலங்கையில் ஒருபோதும் இருந்ததில்லை. எங்கிருந்து வந்த மாதிரி என்பதில் ஏற்பட்ட குழப்பம், பெயர் அப்படியே நின்றுவிட்டது. மலாய் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ, இவைதான் அதன் ஊர். மலாயில் பாராவ்-பாராவ், ஜாவாவில் சுச்சாக் ராவா. தமிழில் நிலைத்த பெயர் எதுவும் இல்லாததால் நான் வைக்கோல்தலைச் சின்னான் என்று எழுதுகிறேன்.

மெக்லியர் எலியின் பெயர் 1887இல் அந்தத் தீவுக்கு வந்த கப்பல் தலைவர் ஜான் மெக்லியரின் பெயர். ஆக எலிக்கு ஒரு கப்பல்காரன் பெயர் கொடுத்தான், பன்னிரண்டு வருஷம் கழித்து இன்னொரு கப்பல் அதற்கு முடிவைக் கொடுத்தது.

16 நவம்பர், ஞாயிறு

இந்த வாரம் முழுக்க என் அப்பாவின் ஞாபகம். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர். சின்ன வயதில் ஒருமுறை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கப்பலைக் கரையோடு கட்டும் தடித்த கயிறு ஒவ்வொன்றிலும் பெரிய சுளகு அளவுக்கு வட்டத் தகடு மாட்டியிருந்தார்கள். "இது எதுக்குப்பா?" என்றேன். "எலி கயித்துல நடந்து வரும். தட்டு வந்ததும் தாண்ட முடியாம திரும்பிப் போயிடும்" என்றார். நான் அதை அப்போது நம்பவில்லை. எலி கயிற்றில் நடக்குமா என்று சிரித்தேன்.

கிறிஸ்மஸ் தீவுக்குத் தேவைப்பட்டது அந்தத் தகரத் தட்டுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நாளும் நானே ஒரு பக்கமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது. குருவிக்கு எதிரி வலை, எலிக்கு எதிரி நோய் என்று இரண்டு பெட்டி போட்டு வைத்திருந்தேன். குருவியை அழிப்பது ஆசை. 2015 செப்டம்பரில் ஜூரோங் பறவைப் பூங்காவில் ஆசியப் பாட்டுப்பறவைகளின் நெருக்கடிக்கென்றே முதல் மாநாடு கூடியது. ஜாவாவில் மட்டும் வீடுகளில் 6.6 கோடியிலிருந்து 8.4 கோடிவரை கூண்டுப்பறவைகள் இருக்கலாம் என்று பின்னர் வந்த ஒரு கணக்கெடுப்பு சொன்னது. எலியின்மேல் யாருக்கும் ஆசை இல்லை. அதை யாரும் பிடிக்கவில்லை, விற்கவில்லை. அது தற்செயலாகச் செத்தது. இந்த வித்தியாசம் உண்மைதான்.

ஆனால் எலிக்கு வந்தது குருவிக்கு வராது என்று யார் சொன்னது? நாம் எல்லோரும் வலையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கூண்டுப்பறவை, எங்கேயோ சந்தையில் நூறு பறவைகளோடு நெருக்கியடித்து அடைபட்டுக் கிடந்தது, இங்கே யாரோ இரக்கப்பட்டுக் காட்டில் திறந்துவிட்டால்? அதன் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று திறந்துவிடுகிறவருக்குத் தெரியுமா? ஹிந்துஸ்தான் கப்பலில் வந்த கறுப்பெலி கிறிஸ்மஸ் தீவு எலியைக் கடித்துக் கொல்லவில்லை. கறுப்பெலிக்கு அந்த ஒட்டுண்ணி பழகிப்போன ஒன்று, பெரிய தொந்தரவு இல்லை. பழகாதவனுக்குத்தான் எமன்.

2008இல் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய எலித்தோல்களிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். கப்பல் வருவதற்கு முன் பிடித்த எலிகளில் அந்த ஒட்டுண்ணி இல்லை. கப்பல் வந்தபின் பிடித்தவற்றில் சிலவற்றில் இருந்தது. நூறு வருஷம் அலமாரியில் கிடந்த தோல் சாட்சி சொன்னது.

வெசாக் என்ற புத்தத் திருநாள் நேரத்தில் தேசியப் பூங்காக் கழகம் பறவை, மீன், ஆமை எதையும் திறந்துவிடாதீர்கள் என்று பூங்காக்களில் ஆள் நிறுத்திச் சொல்கிறதே, அதைப் பலர் தொந்தரவு என்று நினைக்கிறார்கள். எனக்கு அது கயிற்றில் மாட்டிய தட்டுபோலத் தெரிகிறது.

17 நவம்பர்

"எல்லாப் பறவையும் உபினிலா இருக்கிறது?" என்று திருத்தியிருக்கிறார்கள். சரிதான், அந்த எண்ணம் வரும்படி எழுதியிருந்தால் திருத்திக்கொள்கிறேன். புக்கிட் தீமா, புக்கிட் பிரவுன், காத்திப் போங்சு என்று சிங்கப்பூர்ப் பெருந்தீவிலும் உண்டு. மலேசியாவிலும் போர்னியோவிலும் ஆங்காங்கே மிச்சம் உண்டு. 2018இல் உலகம் முழுக்க 600இலிருந்து 1,700வரை என்று மதிப்பிட்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று அறிவித்தார்கள். அதில் பெரிய பங்கு இந்தச் சின்ன ஊரில். உபின் தீவு சுமார் 10 சதுர கிலோமீட்டர். எலிக்கு இருந்த தீவு அதைப்போல் பதின்மூன்று மடங்கு.

காவல் இருக்கிறது என்று முதல் கேள்வியில் சொன்னதை நான் மறுக்கவில்லை. சிங்கப்பூரும் மலேசியாவும் அமெரிக்காவும் சேர்ந்து முன்மொழிந்து, 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாட்டில் இந்தப் பறவையின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வாங்கினார்கள். உபினில் தன்னார்வலர்கள் 2001இலிருந்து வருஷாவருஷம் எண்ணிவந்ததால்தான் கூடுகிறதா குறைகிறதா என்றே நமக்குத் தெரியும். அந்தத் தன்னார்வலர்களுக்கு நான் கடன்பட்டவன். எலியை எண்ண அப்படி ஒருவர்கூட இல்லை.

20 நவம்பர், நள்ளிரவு தாண்டி

"அழிந்தால் என்ன, மரபணுவை வைத்துத் திரும்ப உருவாக்கிவிடலாமே, காலம் மாறிவிட்டது" என்ற பதிலை மூன்று முறை படித்தேன்.

அதைச் செய்து பார்க்க முடியுமா என்று சோதிக்க எந்த விலங்கை எடுத்தார்கள் தெரியுமா? இதே மெக்லியர் எலியை. 2022இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் பழைய தோலிலிருந்து அதன் மரபணுத் தொகுதியைப் படித்து, ஊரில் ஓடும் பழுப்பெலியினுடையதோடு வரி வரியாகப் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டும் ஏறத்தாழ 26 லட்சம் வருஷத்துக்கு முன் பிரிந்த பங்காளிகள். ஒப்பிட இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது. அப்படியும் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் கிடைக்கவே இல்லை. எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது.

ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் காணாமல்போன அந்தப் பகுதி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கவில்லை. மோப்பம் சம்பந்தமான மரபணுக்களும் நோய் எதிர்ப்பு சம்பந்தமானவையும்தான் அதில் அதிகம். வேகமாக மாறியது அந்தப் பகுதிதான், அதனால் பழுப்பெலியை வைத்து ஊகிக்கவும் வழியில்லை. பிறக்க வைத்தாலும் தன் காட்டை மோந்து அறியத் தெரியாத எலியாக இருக்கும். எந்த நோய் கொன்றதோ அதற்கு அதன் உடம்பு எப்படி நடந்துகொண்டது என்ற செய்தியும் போய்விட்டது.

குருவிக்கு இது இன்னும் கடினம் என்று நினைக்கிறேன். பாட்டு மரபணுவில் மட்டும் இல்லை. பாட்டுப்பறவைக் குஞ்சு பெரியவற்றைக் கேட்டுத்தான் பாடக் கற்கிறது. ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் தேனுண்ணி என்ற பறவை குறைந்துபோய், காட்டில் சொல்லிக்கொடுக்க மூத்த ஆண்கள் கிடைக்காமல், நூற்றில் பன்னிரண்டு ஆண்பறவை சொந்தப் பாட்டே தெரியாமல் வேறு இனங்களின் பாட்டைப் பாடுகிறது என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்களைப் பெண்பறவை ஏற்பதும் குறைவு. உயிர் இருக்கும், இறகு இருக்கும், பாட்டு மட்டும் முன்னாலேயே போய்விடும்.

எலியின் குரலை யாரும் பதிவுசெய்யவில்லை. புலம்புவதுபோன்ற கீச்சு என்று ஆண்ட்ரூஸ் எழுதிய அந்தச் சில சொற்கள்தான் உலகத்தில் மிச்சம். அதே தீவில் இருந்த ஒரு சின்ன வௌவால் கொஞ்சம் புண்ணியம் செய்தது: 2009 ஆகஸ்ட் 26 இரவு அதன் கடைசிச் சத்தம் கருவியில் பதிவானது. அப்புறம் கேட்கவே இல்லை. போன மாதம் அந்தத் தீவின் மூஞ்சூறும் அழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். தீவுக்கே சொந்தமான ஐந்து பாலூட்டிகளில் இப்போது பழந்தின்னி வௌவால் ஒன்றுதான் பாக்கி.

21 நவம்பர்

தூக்கக் கலக்கத்தில் எழுதினேன், ஆனால் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை.

23 நவம்பர், ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

நான் வளர்ந்தது பிடோக்கில், நான்காவது மாடி. தாழ்வாரத்தின் மறுகோடியில் ஒரு மலாய்ப் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் வீட்டு வாசலில் பாராவ்-பாராவ் ஒன்று கூண்டில் இருந்தது. விடிகாலையில் அது பாடத் தொடங்கினால் அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். அந்தப் பாட்டு கேட்டுத்தான் நான் பள்ளிக்குச் சட்டை மாட்டினேன். மாலையில் பாக்சிக் பப்பாளியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, கூண்டுக் கம்பியில் செருகிவைப்பார். என்னையும் ஒரு துண்டு செருகவிடுவார். அது அலகால் என் விரல் நுனியைத் தொட்டு, பிறகு பழத்தை எடுக்கும். உபினில் முதல்முறை இந்தப் பாட்டைக் காட்டில் கேட்டபோது எனக்குப் பப்பாளி வாசனை வந்தது.

1993இல் அவர் மகள் வீட்டுக்குக் குடிபோனார். போவதற்கு முன் தாழ்வாரத்தில் நின்று கூண்டைத் திறந்துவிட்டார். அது பறந்துபோனதை நான் பார்த்தேன். முப்பது வருஷமாக இதை எத்தனையோ பேரிடம் நல்ல கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு கிழவர், ஒரு கூண்டு, ஒரு விடுதலை. 16ஆம் தேதிக் குறிப்பை எழுதி முடித்தபின்தான் கை நின்றது. திறந்துவிடாதீர்கள் என்று நானே எழுதுகிறேன், என் மனதில் வைத்திருக்கும் நல்ல கதையோ திறந்துவிட்ட கதை.

நேற்று கேலாங் சிராய் சந்தையில் பாக்சிக்கின் மகளைப் பார்த்தேன். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். பாக்சிக் தவறி ரொம்ப வருஷம் ஆகிறது. நலம் விசாரித்துவிட்டுக் குருவியைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சுமத்ராவிலிருந்து படகில் வந்த ஒருவரிடம் அப்பா வாங்கினார், கண்ணே திறக்காத குஞ்சு, விரலால் ஊட்டி வளர்த்தார் என்றார்.

"அன்னைக்குத் திறந்துவிட்டாரே, எங்கே போச்சு?" என்றேன்.

போகவில்லை என்றார். மறுநாள் காலை சாமான் ஏற்ற லாரி வந்தபோது அது தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்ததாம். கூண்டைக் கழற்றி மூட்டை கட்டியாகிவிட்டது. ஆணி மட்டும் சுவரில் இருந்தது. அந்த ஆணிக்கு நேரே உட்கார்ந்து பாடியதாம். பாக்சிக் கையை நீட்டினார், வந்து ஏறியது. அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு லாரியில் முன்பக்கம் உட்கார்ந்து போனார்.

மகள் வீட்டில் இன்னும் ஏழு வருஷம் இருந்ததாம். கடைசி வருஷம் பாடவில்லையாம்.

நான் பார்த்தது பறந்துபோன அந்த ஒரு நிமிஷத்தை மட்டும்தான். மறுநாள் காலை நான் பள்ளிக்குப் போய்விட்டேன்.

அவரிடம் பழைய ஒலிநாடா ஒன்று இருக்கிறதாம். பேரன் பிறந்தநாளில் பதிந்தது, பின்னால் குருவி பாடுவது கேட்கும் என்றார். ஓடவிட்டுப் பார்க்க அவரிடம் கருவி இல்லை. என்னிடமும் இல்லை. தேக்காவில் பழைய சாமான் கடைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது ஓடும் நிலையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தால் சொல்லுங்கள், ஒரு நாள் போதும், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.